கேப்டன் மேசையிலிருந்து இருவர் மேசை வரை

கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலில் லண்டனிலிருந்து சென்னைக்கு வந்த பயணிக்குக் கிடைத்தது வெறும் அறைதான். கட்டில், நாற்காலி, முகம் கழுவும் பாத்திரம் எல்லாவற்றையும் அவரே வாங்கி ஏற்றிக்கொள்ள வேண்டும். சாப்பாட்டு மேசை மட்டும் கப்பலில் இருக்கும். அதுவும் கேப்டனின் மேசை. பயணப் பணத்தைக் கேப்டனிடமே கட்டுவார்கள். விருந்தின் செலவும் மிச்சமும் அவர் பொறுப்பு. வசதியுள்ளவர் கூடுதலாகக் கொடுத்து அந்த மேசையில் இடம் பிடிப்பார். கையில் பணம் குறைந்த இளைஞர்கள் மூன்றாம் துணை அதிகாரியின் மேசையில் சாப்பிட்டார்கள். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவரப் பல மாதங்கள் ஆகும். அத்தனை மாதமும் அதே மேசை, அதே முகங்கள்.

அன்று கூடுதல் பணம் வாங்கித் தந்தது சேர்ந்து சாப்பிடும் இடத்தை. இன்று உல்லாசக் கப்பலில் அதே கூடுதல் பணம் தனி மேசையை வாங்கித் தருகிறது. இந்தத் தலைகீழ் மாற்றம் எப்படி நேர்ந்தது என்று பார்த்தால், கப்பல் பதிவுப் படிவத்தில் வரும் ஒரு சின்னக் கேள்விக்கு, தனி மேசையா சேர்ந்த மேசையா என்ற கேள்விக்கு, நாம் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்வோம் என்று நம்புகிறேன்.

நீராவிக் கப்பல்கள் வந்தபோது மேசை நீண்டது. குனார்டு நிறுவனத்தின் பிரிட்டானியா 1840இல் ஓடத் தொடங்கியது. சுமார் 115 பேர் போகலாம். 1842 ஜனவரியில் லிவர்பூலிலிருந்து பாஸ்டனுக்கு அதில் போன சார்லஸ் டிக்கன்ஸ், அதன் உணவுக்கூடத்தைப் பற்றி மனம் நொந்து எழுதினார். குறுகலான நீளக் கூடம். இரு புறமும் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நீண்ட மேசைகள். தாழ்ந்த கூரையில் தொங்கும் சட்டங்களில் செருகிய கண்ணாடிக் குவளைகள். அவருக்கு அது சவ வண்டியை நினைவூட்டியது. ஆனால் அந்த மேசை நீளமாக இருந்ததற்குக் காரணம் கஞ்சத்தனம் அல்ல. கடல் ஆடும். ஆடும் தரையில் மேசையை இறுகப் பொருத்த வேண்டும். ஒடுங்கிய மரக் கப்பலில் நாற்பது சிறு மேசைகளைத் தனித்தனியே பொருத்தி, இடையில் பரிமாறுபவர் நடக்க வழிவிடுவது நடக்காத காரியம். ஒரே பலகை, இரு பக்கமும் பெஞ்சு என்பதே சாத்தியமான ஏற்பாடு.

அந்த மேசைக்கென்றே சில உபாயங்கள் பிறந்தன. தட்டு வழுக்கி மடியில் விழாமலிருக்க விளிம்பில் மரத் தடுப்புச் சட்டங்களைப் பொருத்தினார்கள். கடல் கொந்தளித்தால் மேசை விரிப்பைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிடுவார்கள். ஈரத் துணியில் பீங்கான் நகராது. பின்னாளில் பெஞ்சுக்குப் பதிலாகத் தரையில் அடித்துப் பொருத்திய சுழல் நாற்காலிகள் வந்தன. நாற்காலியைத் திருப்பி உட்காரலாம், இழுத்துக்கொண்டு நகர முடியாது. பக்கத்தில் இருப்பவர் பிடிக்காதவர் என்றால் விதியே என்று இருக்க வேண்டியதுதான்.

மேசையின் வாழ்வில் முதல் பெரிய இடமாற்றம் 1871இல் நடந்தது. ஒயிட் ஸ்டார் நிறுவனத்தின் ஓஷியானிக் கப்பலில் முதல் வகுப்பு உணவுக்கூடத்தைப் பின்பகுதியிலிருந்து நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். கப்பலின் இரு முனைகளும் அதிகம் ஏறி இறங்கும். பின்பகுதியில் உந்துசுழலியின் அதிர்வு வேறு. நடுவில் ஆட்டம் குறைவு. அகலம் முழுவதையும் அடைத்த கூடம் என்பதால் இரு பக்கமும் வெளிச்சமும் கிடைத்தது. கப்பல்கள் அகன்று கனத்து நிதானப்பட்ட பிறகுதான் மேசையைத் துண்டாக்கலாம் என்ற எண்ணமே எழ முடிந்தது.

துண்டாக்கத் துணிந்தவர் ஆல்பர்ட் பாலின். ஹாம்பர்க்-அமெரிக்கா கப்பல் நிறுவனத்தின் தலைவர். வட அட்லாண்டிக்கில் குளிர்காலத்தில் பயணிகள் குறைந்துவிடுவதால் சும்மா கிடந்த கப்பலை 1891 ஜனவரியில் மத்தியதரைக் கடலுக்கு உல்லாசப் பயணமாக அனுப்பியவரும் இவரே. லண்டன் கார்ல்டன் ஓட்டலின் உணவகம் அவரைக் கவர்ந்திருந்தது. அங்கே வேண்டிய நேரத்தில் போகலாம். பட்டியலைப் பார்த்து விரும்பியதைக் கேட்கலாம். கூட வந்தவர்களோடு மட்டும் உட்காரலாம். அந்த ஓட்டலின் வடிவமைப்பாளர் சார்ல் மெவேயை அழைத்து, 1905இல் ஓடத் தொடங்கிய அமெரிக்கா என்ற கப்பலில் ரிட்ஸ்-கார்ல்டன் பெயரிலேயே ஓர் உணவகத்தை அமைத்தார். கப்பல் கட்டணத்தில் அடங்கிய சாப்பாடு பொதுக்கூடத்தில் வழக்கம்போல நடந்தது. இங்கே தனியாகக் காசு. நடுக்கடலில் தனி மேசை பிறந்தது இப்படித்தான். பிறக்கும்போதே அதற்கு ஒரு விலைச்சீட்டு இருந்தது.

ஏழு ஆண்டுகள் கழித்து டைட்டானிக்கில் இந்த மாற்றத்தின் எல்லாக் கட்டங்களையும் ஒரே கப்பலில், மாடி மாடியாகப் பார்க்க முடிந்தது. மேலே பி தளத்தில் லூயிஜி கத்தி என்பவர் குத்தகைக்கு எடுத்து நடத்திய உணவகம். சிறு மேசைகள், தனிக் கட்டணம். டி தளத்தில் 532 பேர் உட்காரும் முதல் வகுப்புக் கூடம்; அங்கும் மேசைகள் சிறிதும் பெரிதுமாகப் பிரிந்திருந்தன. இரண்டாம் வகுப்பில் நீள மேசைகளும் பழைய சுழல் நாற்காலிகளும். கீழே எஃப் தளத்தில் மூன்றாம் வகுப்பினருக்கு 473 இருக்கைகள், நீள மேசைகள். 1912 ஏப்ரல் 14 இரவு கேப்டன் ஸ்மித் சாப்பிட்டது தன் மேசையில் அல்ல; வைடனர் குடும்பம் அந்தத் தனி உணவகத்தில் கொடுத்த விருந்தில். ஒரு காலத்தில் பயணிகள் காசு கொடுத்துக் கேப்டன் மேசைக்குப் போனார்கள். இப்போது கேப்டன் பயணிகளின் மேசைக்கு விருந்தாளியாகப் போனார்.

மேசையே இல்லாமல் கடல் கடந்தவர்களையும் இங்கே சொல்லாமல் விட மனமில்லை. 1926இல் கட்டிய ரஜூலா கப்பல் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. அதில் போன தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் மேல்தளப் பயணிகள். அவர்களுக்குத் தனி மேசையா சேர்ந்த மேசையா என்ற கேள்வியே எழவில்லை. படுத்த பாயே உட்கார்ந்து உண்ணும் இடமும். மேசைகளின் வரலாறு எழுதுபவர்கள் அறைப் பயணிகளோடு நிறுத்திக்கொள்வது எனக்கு உறுத்துகிறது.

1935இல் பிரெஞ்சுக் கப்பல் நார்மண்டி வந்தபோது பொதுக்கூடமே அரண்மனையானது. சுமார் 93 மீட்டர் நீளம், சன்னலே கிடையாது, லாலீக் கண்ணாடி விளக்குகள். 157 மேசைகளில் 700 பேர். கணக்குப் பார்த்தால் மேசைக்கு நான்கைந்து பேர்தான். அடுத்த ஆண்டு வந்த குயின் மேரியின் பெரிய கூடத்தில் அட்லாண்டிக் வரைபடம் ஒன்றைச் சுவரில் மாட்டி, கப்பல் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று காட்டும் படிகக் கப்பல் பொம்மையை அதில் நகரவைத்தார்கள். யாரோடு உட்கார்ந்திருந்தாலும் எல்லோருக்கும் பொதுவாகப் பேச ஒரு விஷயம் அதில் இருந்தது. பொதுக்கூடத்தை வடிவமைப்பவர்கள் இந்த மாதிரி நுட்பங்களை இன்று மறந்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

விமானம் வந்து அட்லாண்டிக் பயணிகளை அள்ளிக்கொண்டு போன பிறகு, 1960களின் பிற்பகுதியிலும் 70களிலும் மயாமியை மையமாக வைத்துக் கரீபிய உல்லாசப் பயணத் தொழில் எழுந்தது. ஊர் போய்ச் சேருவதற்கல்லாமல் கப்பலில் இருப்பதற்காகவே மக்கள் வந்தார்கள். உணவுக்கூடத்தில் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் இடமில்லாததால் இரண்டு பந்தி வந்தது. மாலை ஆறு, ஆறரைக்கு முதல் பந்தி. எட்டு, எட்டரைக்கு இரண்டாம் பந்தி. நம் கல்யாணப் பந்தியைப் போலவே, முதல் பந்தி எழுந்தால்தான் அடுத்தவருக்கு இலை. ஆனால் இங்கே இடம் ஏழு நாளும் மாறாது. உங்கள் மேசை எண் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். பரிமாறுபவரும் மாறமாட்டார். இரண்டாம் நாளே உங்களுக்குக் காப்பியில் சர்க்கரை வேண்டாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். பயணத்தின் கடைசி இரவு உறையில் வைத்துக் கொடுத்த இனாம் அன்று அவருடைய வருமானத்தின் முக்கியப் பகுதியாக இருந்தது. எட்டுப் பேர் மேசை, மாறாத பரிமாறுபவர், கடைசி இரவு இனாம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

அதனால்தான் 2000இல் நார்வீஜியன் குரூஸ் லைன் விரும்பிய நேரம், விரும்பிய உணவகம், விரும்பிய துணை என்ற முறையைக் கொண்டுவந்தபோது மேசை மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு நாளும் வேறு பரிமாறுபவர் என்றால் இனாமை யாருக்குக் கொடுப்பது? அது நாள் கணக்கில் பயணியின் பில்லிலேயே ஏறியது. அந்த ஆண்டுதான் ஆசியாவின் ஸ்டார் குரூஸஸ் அந்த நிறுவனத்தை வாங்கியிருந்தது. மற்ற பெரிய நிறுவனங்களும் ஒவ்வொன்றாக இந்த வழிக்கு வந்தன. ஆனால் பழைய பந்தி முறையையும் கைவிடவில்லை. 2014இல் குவாண்டம் ஆஃப் தி சீஸ் கப்பலில் ராயல் கரீபியன், பெரிய பொதுக்கூடத்தையே எடுத்துவிட்டுப் பல சிறு உணவகங்களாக்கிப் பார்த்தது. பழைய முறைக்குப் பழகிய பயணிகள் விடவில்லை. நிலையான மேசையும் நேரமும் திரும்பி வந்தன. டிஸ்னி 1998லேயே வேறொரு வழி கண்டிருந்தது. குடும்பம் ஒவ்வோர் இரவும் வேறு உணவகத்துக்குப் போகும். பரிமாறுபவர்களும் கூடவே வருவார்கள். எனக்கு அது மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடாகப் படுகிறது, ஏனென்றால் பழைய மேசையில் மக்கள் விரும்பியது மரப்பலகையை அல்ல, தங்களைத் தெரிந்த மனிதர்களை என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

2020 பிப்ரவரியில் கொரோனா தொற்றால் யோகோஹாமாவில் டயமண்ட் பிரின்சஸ் கப்பல் 3,700க்கும் மேற்பட்டோருடன் தனிமைப்படுத்தப்பட்டது. அறைக் கதவருகே தட்டு வந்தது. மறுபடி கப்பல்கள் ஓடத் தொடங்கியபோது அறிமுகமற்றவர்களை ஒரே மேசையில் அமர்த்தப் பலர் தயங்கினார்கள். தொற்றுக்கு அஞ்சிய அந்தத் தயக்கம் நியாயமானது. தொற்று தணிந்த பிறகும் அதே பழக்கம் பலரிடம் ஒட்டிக்கொண்டதுதான் எனக்கு வருத்தம்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரத்துக்குக் குறையாத பயணம் என்றால் சேர்ந்த மேசையைக் கேளுங்கள். கணவன் மனைவி இருவராகச் சாப்பிட ஊரில் வருடம் முழுவதும் வாய்ப்பு இருக்கிறது. வேறு நாட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்ணை வைத்திருப்பவர், முதன்முறை கடல் பார்க்கும் மூதாட்டி ஆகியோரோடு ஏழு இரவு தொடர்ந்து உட்கார்ந்து, முதல் நாள் தயங்கிய பேச்சு நான்காம் நாள் குடும்பக் கதையாக விரிவதைப் பார்க்கக் கப்பலைவிட்டால் வேறு இடம் கிடையாது. தனியாகப் போகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். 2010இல் வந்த நார்வீஜியன் எபிக் கப்பலில் ஒருவருக்கான 128 சிறு அறைகளும் அவர்கள் கூடிப் பேச ஒரு பொது அறையும் அமைத்தார்கள். தனிப் பயணிகள் தேடுவது தனிமையை அல்ல என்று அந்த நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது.

எல்லோருக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். காது மந்தமானவர்களுக்கு இரைச்சல் மிகுந்த கூடத்தில் எட்டுப் பேர் பேச்சு தண்டனை. புதிதாக மணமானவர்களை யாரும் வற்புறுத்தக் கூடாது. சென்னையிலிருந்து 2022 ஜூனில் ஓடத் தொடங்கிய கார்டிலியா போன்ற இரண்டு, மூன்று இரவுப் பயணங்களில் பெயரைத் தெரிந்துகொள்வதற்குள் இறங்க வேண்டிவந்துவிடும். அங்கே நம் குடும்பத்தோடு உட்காருவதே சரி. சைவம், சமணச் சைவம் போன்ற தேவைகள் இருந்தால் எந்த மேசையானாலும் பதிவு செய்யும்போதே எழுதிக்கொடுத்துவிட வேண்டும்.

தனி மேசை கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரிய கப்பல்களில் இருவர் மேசை என்பது பெரும்பாலும் சுவரோரம் வரிசையாகப் போட்ட சிறு மேசைகளில் ஒன்று. அடுத்த மேசைக்கும் உங்களுக்கும் இடையில் ஒரு சாண், இரண்டு சாண் இடைவெளி. பக்கத்து மேசைப் பேச்சு முழுவதும் காதில் விழும். நாம் பேசுவதும் அங்கே கேட்கும். சேர்ந்த மேசையின் சங்கடம் எல்லாம் உண்டு, அதன் தோழமை மட்டும் இல்லை. உண்மையான தனிமை வேண்டுமென்றால், பாலின் காலத்தைப் போலவே, கூடுதல் கட்டண உணவகத்தில் ஒரு இரவுக்கு இடம் பிடிப்பதே நல்லது.

சேர்ந்த மேசையிலும் நாற்காலிகளின் எண்ணிக்கை முக்கியம். நான்கு பேர் மேசை ஆபத்தானது. மற்ற இருவரோடு ஒத்துப்போகவில்லை என்றால் தப்ப வழியில்லை. பத்துப் பேர் வட்ட மேசையில் எதிரில் இருப்பவர் முகம்தான் தெரியும், குரல் வராது. ஆறு அல்லது எட்டுப் பேர் மேசையைக் கேளுங்கள். அதுவும் ஒத்துவரவில்லை என்றால் முதல் இரவு சாப்பாடு முடிந்ததும் உணவுக்கூட மேலாளரிடம் போய் வேறு மேசை கேட்கலாம். ஒவ்வொரு பயணத்தின் முதல் இரவும் அவர் செய்யும் வழக்கமான வேலை அது. யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போனால்தான் சங்கடம், ஏனென்றால் அதற்குள் மற்ற மேசைகளில் எல்லோரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருப்பார்கள்.