கூட்டொப்பந்தமும் கொழுந்தின் நிறையும்

இரு தரப்பினர் கூடி ஒரு கருமத்தை மேற்கொள்ளுங்கால், யார் எவ்வளவு செய்வது, அதற்கீடாக எவ்வளவு பெறுவது என்பன முன்னரே தெளிவாக்கப்படல் வேண்டும். மலையகத் தோட்டங்களின் வரலாற்றை இக்கண்கொண்டு நோக்கின், கூலியின் அளவு படிப்படியாக எழுத்தில் ஏறியமையும், வேலையின் அளவு பெரும்பாலும் துரைமாரின் வாய்ச்சொல்லாகவே நின்றமையும் புலனாகும்.

1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், தோட்டத் தொழிலாளி மாதாந்த வாய்மொழி ஒப்பந்தத்தாற் பிணிக்கப்பட்டான். அதனை மீறினால் சிறையும் நேரிடலாம். அக்காலத்தில் எழுத்தில் இருந்தது 'துண்டு' ஆகும். இன்ன தொகைக் கடன் தீர்க்கப்படின் இன்ன கங்காணியின் ஆட்கள் விடுவிக்கப்படுவர் எனத் துரை எழுதிக் கொடுத்த சீட்டு அது. கடனைச் சதக் கணக்கிற் குறித்த அச்சீட்டில் தொழிலாளிக்கு உரியது எதுவென ஒரு சொல்லும் இல்லை. 1921 இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது.

1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் பயனாக, 1929 இல் உயர் மலைப் பகுதிக்கு ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் பிள்ளைக்கு 32 சதமும் நாட்கூலியாக வரையறுக்கப்பட்டன. கொழுந்து பறித்தவர்களோ பெரும்பாலும் பெண்களே! அவர்களுக்குச் சமகூலி கிடைக்க 1984 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நாட்கூலி எனினும், நாள் எதுவென்பது தோட்டத்தில் வேறு கணக்கு. குறித்த நிறைக்குக் கொழுந்து கொடுத்தால் முழுப் பேர்; குறைந்தால் அரைப் பேர். எட்டு மணி நேரம் மலையில் நின்றவளுக்கும் பாதி நாளே பதியப்படலாம்.

1992 இல் அரச தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. அதன் பின்னர், இலங்கை முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட கூட்டொப்பந்தங்களே சம்பளத்தைத் தீர்மானித்தன. 1000 ரூபா கோரிக்கை எழுந்திருந்த நிலையில், 2016 ஒக்டோபரில் 730 ரூபா உடன்பாடாயிற்று. அதில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா மட்டுமே. எஞ்சியதில் வரவுக்கு 60, உற்பத்தித் திறனுக்கு 140, விலைப் பங்குக்கு 30. ஆகவே, 140 ரூபா கைக்கு வருமா என்பதைக் கொழுந்தின் நிறையே முடிவு செய்தது. 2019 இல் வரவுக்கும் உற்பத்திக்கும் உரிய கொடுப்பனவுகள் நீக்கப்பட்டு, அடிப்படை 700 ரூபா ஆக்கப்பட்டது. இவ்வகையில் அது முன்னதிலும் நேர்மையான பத்திரம் என்பது என் கருத்து.

நிறையை நாடெங்கும் ஒன்றாக வரையறுத்தல் இயலாது என்ற கம்பனிகளின் வாதம் முற்றும் பொய்யன்று. கவ்வாத்து வெட்டி அண்மையில் துளிர்த்த மலையும் முதிர்ந்த மலையும் ஒரே அளவு கொழுந்து தாரா. ஆயினும், மலைக்கு மலை வேறுபடும் அளவை மலைக்கு மலை பேசி எழுதுவதற்குத் தடை யாது? 2021 இல் சம்பளச் சபையின் வாயிலாக 1000 ரூபா சட்டமானதும், கம்பனிகள் கூட்டொப்பந்தத்தை விட்டு விலகின. பல தோட்டங்களில் கொழுந்தின் அளவு உயர்த்தப்பட்டது. கூட்டொப்பந்தம் இல்லாத நிலையில், அவ்வுயர்வு எதற்கு மாறானது எனச் சுட்டிக்காட்ட எழுத்தில் ஒன்றும் இருக்கவில்லை.

தராசடியில் மற்றொரு கழிவும் உண்டு. சாக்கின் நிறைக்கும் ஈரத்துக்குமெனக் கிலோக்கள் குறைக்கப்படுகின்றன. வட்டவளை, றொசல்ல போன்ற மழை மிகுந்த பகுதிகளில் ஈரமில்லாக் கொழுந்தை ஆண்டில் எத்தனை நாள் காணலாம்?