வேலூர்த் தோல் தொழில் பகுதியில் செவிலியர் பயிற்சி: அறிவும் அதிகாரமும்

முன்னுரை

வேலூரின் நவீன மருத்துவ வரலாறு பெரும்பாலும் ஐடா ஸ்கடரின் வாழ்க்கை வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அவ்வரலாற்றில் செவிலியர் பின்னணியில் நிற்கின்றனர். வேலூர் முதல் ஆம்பூர், திருப்பத்தூர் வரையிலான தோல் தொழில் பகுதியில் மருத்துவர் அருகில் இல்லாத வேளைகளில் நோயாளியின் உயிர் செவிலியர் கையிலேயே இருந்தது. பயிற்சி அவர்களுக்கு அறிவைத் தந்த வேகத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் வந்து சேரவில்லை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

பயிற்சியின் தொடக்கம்

சென்னை மாகாணத்தில் மருத்துவச்சிகளுக்கான முறையான பயிற்சி 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. எனினும் அது தலைநகரைச் சார்ந்தே இருந்தது. வேலூரில் 1902இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. மருத்துவர் ஒருவரே அறுவை, மகப்பேறு, புறநோயாளர் பிரிவு ஆகிய அனைத்தையும் கவனிக்க வேண்டியிருந்தது. 1909இல் அங்குச் செவிலியர் பள்ளி தொடங்கப்பட்டது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இல்தான் உருவாயிற்று.

இக்கால வரிசை கருதத்தக்கது. ஸ்கடர் வாரந்தோறும் குடியாத்தம் சாலையில் சென்று, மரநிழல்களில் நோயாளிகளைப் பார்த்தது பலரும் அறிந்த செய்தி. அவர் சாலையில் இருந்த நேரத்தில் மருத்துவமனைப் படுக்கைகளைக் காத்தவர் யார் என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. காய்ச்சல் ஏறுவதையும், அறுவைக்குப் பின் குருதி கசிவதையும், நாடி தளர்வதையும் கண்டறியும் பயிற்சி பெற்ற பெண்கள் இல்லையெனில் அச்சாலைப் பயணம் இயன்றிராது.

ஆம்பூர்ப் பகுதியும் இதற்குச் சான்று தருகிறது. லுத்தரன் மிஷனின் மருத்துவப் பணி 1913இல் இந்தியா வந்த எல்லர்மன் என்னும் செவிலியரால் தொடங்கப்பட்டது. ஆம்பூரில் பெத்தேஸ்தா மருத்துவமனை எழுந்தது 1920களில்தான்.

பட்டமும் சட்டமும்

1926ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் பதிவு முறையைக் கொண்டுவந்தது. 1946இல் வேலூரில் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கியது. அதே ஆண்டில் தில்லியிலும் அத்தகைய படிப்பு தொடங்கியது. இந்தியாவின் முதல் செவிலியர் பட்டப்படிப்புகள் இவையே. 1947ஆம் ஆண்டின் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் பாடத்திட்டத்தை நாடு முழுவதும் ஒருமைப்படுத்த வழிவகுத்தது. உடலியல், பொதுச் சுகாதாரம், கற்பித்தல் ஆகியவை பயிற்சிக்குள் வந்தன. ஆயினும் நோயாளி மோசமடைவதைக் கண்டறிந்த செவிலியர், மருந்து தொடங்க ஆணைக்குக் காத்திருக்கும் நிலை நீடித்தது.

மகப்பேற்றுத் துறையில் இந்நிலை மாறிய விதம் தெளிவாகத் தெரிகிறது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் மகப்பேற்றில் இறந்ததே ஸ்கடரை மருத்துவம் பயிலத் தூண்டியது எனக் கூறப்படுகிறது. அத்தகைய இறப்புகளைத் தடுக்கும் அறிவு செவிலியரிடம் நெடுங்காலமாகவே இருந்தது. ஆனால் பேறுகால வலிப்பு கண்ட பெண்ணை மேல் மருத்துவமனைக்கு அனுப்புமுன் மக்னீசியம் சல்பேட்டின் முதல் அளவைக் கிராமச் சுகாதாரச் செவிலியரே செலுத்தலாம் என்பதை இந்திய அரசின் வழிகாட்டுதல்கள் 2005ஆம் ஆண்டையொட்டியே ஏற்றன. மூச்சின் வேகம், முழங்கால் அனிச்சை, சிறுநீரின் அளவு ஆகியவற்றைக் கண்காணிக்கும் பயிற்சி அதனுடன் இணைந்தது. இங்கு அறிவும் அதிகாரமும் ஒரே கையில் சேர்ந்தன.

இன்றைய தேவை

தோல் பதனிடும் தொழில் தனக்கே உரிய நெருக்கடிகளை உண்டாக்குகிறது. சல்பைடு கலந்த சுண்ணாம்புக் கழிவு அமிலக் கழிவுடன் சேரும்போது ஹைட்ரஜன் சல்பைடு வெளியாகிறது. தொட்டிக்குள் மயங்கியவரை மீட்க இறங்கும் அடுத்தவரும் மயங்குகிறார். சுண்ணாம்பு நீர் கண்ணில் தெறித்தால் உடனே நீண்ட நேரம் நீரால் கழுவுவதே பார்வையைக் காக்கும். 2015 சனவரியில் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டி உடைந்து பத்துத் தொழிலாளர்கள் இறந்தனர். பகுதியின் தொழிலை அறியாத பொதுப் பயிற்சி இத்தகைய வேளைகளில் போதாது.

ஏலகிரி வேறு வகையான சோதனை. 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்த பின்னரே மலைவாழ் கர்ப்பிணியோ விபத்துக்குள்ளானவரோ சமவெளியை அடைய முடியும். 2008இல் தமிழகத்தில் தொடங்கிய 108 சேவை பயணக் காலத்தைக் குறைத்தது. ஆனால் வண்டி வரும்வரை செய்ய வேண்டியதை மலையில் இருப்பவரே செய்தாக வேண்டும். அரிதாக நிகழும் நெருக்கடிக்கான கைத்திறன் மறந்துபோகும் இயல்புடையது. எனவே ஒருமுறை பெற்ற சான்றிதழைவிட, உருவப் பொம்மைகளைக் கொண்டு மீண்டும் மீண்டும் செய்யும் ஒத்திகை இன்றியமையாதது.

முடிவுரை

2023ஆம் ஆண்டின் தேசியச் செவிலியர், மருத்துவச்சியர் ஆணையச் சட்டம் 1947ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக இயற்றப்பட்டது. அதன் பயனை அளக்க வேலூரின் வரலாறு ஓர் அளவுகோலைத் தருகிறது. நோயாளியின் பாதுகாப்பு செவிலியர் எவ்வளவு கற்றார் என்பதோடு முடிவதில்லை. கற்றதை உரிய கணத்தில் செய்ய அவருக்கு எழுத்து வடிவிலான உரிமை உண்டா என்பதையும் அது சார்ந்துள்ளது. மருத்துவமனை வரலாறுகளும் நிறுவனரிடமிருந்து இரவுப்பணிச் செவிலியரை நோக்கித் திரும்பும்போதே முழுமை பெறும்.