தெளிவும் எவிடென்ஸும்: தேவிகுளத்தில் சந்திக்கும் இரு சொல்வரலாறுகள்

தேவிகுளம் வட்டத்தில் மலையாளத்தில் வரும் அரசுக் கடிதங்களையும் படிவங்களையும் வாசிக்கும் தமிழருக்கு ஒரு சொல் அடிக்கடி இடறும். 'தெளிவு ஹாஜராக்குக' என்று அதில் இருக்கும். வயதுக்குத் தெளிவு, குடியிருப்புக்குத் தெளிவு, சாதிக்குத் தெளிவு. சொல் நம் சொல்தான். பொருள் நம் பொருள் அன்று. தமிழில் தெளிவு என்பது கலக்கமின்மை. மலையாளத்தில் அது சான்று. நமக்கு 'ஆதாரம்' என்றால் சான்று. மலையாளத்தில் 'ஆதாரம்' என்றால் பதிவு செய்யப்பட்ட நிலப்பத்திரம். உறவுமொழிகள் இரண்டு ஒரே அலுவலக மேசையில் சந்திக்கும்போது சொற்கள் இவ்வாறு இடம் மாறி அமர்கின்றன.

இந்த இடமாற்றத்தைப் புரிந்துகொள்ள, தொடர்பே இல்லாத ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு பெரிதும் உதவுகிறது. அச்சொல் 'எவிடென்ஸ்'.

இன்று நீதிமன்றத்தோடும் ஆய்வுக்கூடத்தோடும் பிணைந்துள்ள இச்சொல், பிறப்பில் தெளிவைக் குறித்தது. காணுதலைக் குறிக்கும் 'விடேரே' என்னும் இலத்தீன் வினையே இதன் வேர். கி.மு. 45 அளவில் சிசரோ தம் 'அகதெமிக்கா' நூலில், 'எனார்கெயா' என்னும் கிரேக்கக் கலைச்சொல்லுக்கு ஈடாக 'எவிடென்டியா' என்பதை முன்வைத்தார். ஒரு பொருள் ஐயத்துக்கு இடமின்றித் தானே விளங்கி நிற்கும் தன்மை என்பது அதன் கருத்து. அடுத்த நூற்றாண்டில் குவின்டிலியன் அதனைச் சொல்லணிக் கலைக்குள் கொண்டுவந்தார். கேட்பவர் கண்முன் காட்சியாக நிறுத்தும் வருணனைக்கு அது பெயராயிற்று. ஆங்கிலத்தில் வேரூன்றிய பின்னரும் பழம்பொருள் உடனே மறையவில்லை. 1690 என்று ஆண்டிட்டு வெளிவந்த ஜான் லாக்கின் மனித அறிவு பற்றிய நூலில், 'எவிடென்ஸ்' என்பது அறிவின் ஐயமற்ற தெளிவையும் குறிக்கிறது.

அதற்கு இணையாகச் சட்டப்பொருள் வலுப்பெற்றது. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில், 'எவிடென்ஸ்' என்பது சாட்சிகளின் வாய்மொழியும் நீதிமன்றத்தின் முன் வைக்கப்படும் ஆவணங்களும் ஆகும். மனத்தில் நிகழும் ஒரு நிலையின் பெயர், கையால் எடுத்துத் தரத்தக்க ஒரு பொருளின் பெயராகிவிட்டது. தெளிவு என்னும் பழம்பொருள் 'எவிடென்ட்' என்னும் பெயரடையில் மட்டுமே உயிரோடிருக்கிறது. பிரெஞ்சு மொழியோ இவ்வழியில் செல்லவில்லை. அங்கு 'எவிதான்ஸ்' இன்றும் தானே விளங்கும் தன்மையையே சுட்டுகிறது. சான்றுக்கு 'ப்ரெவ்' என்னும் வேறு சொல் உண்டு.

தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடையிலான உறவு ஏறத்தாழ இதே வடிவினது. பிரெஞ்சைப் போலத் தமிழ், தெளிவை மனநிலையாகவே வைத்துக்கொண்டு சான்றுக்கு வேறு சொல் நாடியது. ஆங்கிலத்தைப் போல மலையாளம், விளைவின் பெயரை அவ்விளைவைத் தரும் கருவிக்கு இட்டது. அதனால்தான் 1872ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே 'தெளிவு நியமம்' எனப்பட்டது. ஒரு வழக்கில் குற்றவாளி யார் என்று புலப்பட்டால் 'கேஸ் தெளிஞ்ஞு' என்பர். 'தெளிஞ்ஞ வெள்ளம்' என்னும்போது பழம்பொருளும் கேட்கிறது. ஆயினும் கருத்தின் தெளிவைச் சொல்ல 'வியக்தத' என்னும் வடசொல் வந்து சேர்ந்துவிட்டது.

தமிழில் 'தெளி' மாறவே இல்லை என்று கருதுவது பிழை. சங்க அகப்பாடல்களில் தலைவன் 'தெளித்தல்' என்றால், பிரியேன் எனச் சூளுரைத்து அவளை நம்பச் செய்தல். தலைவி 'தெளிதல்' என்றால் அதனை நம்புதல். இங்கே தெளிவு நம்பிக்கையின் பெயர்; சான்றுக்கு ஏறத்தாழ எதிர்நிலை. குறுந்தொகை 25ஆம் பாடலில் கபிலரின் தலைவி, களவு மணத்தின்போது அங்கே வேறு யாரும் இல்லை, நீரில் மீன் பார்த்து நின்ற குருகு மட்டுமே இருந்தது என்கிறாள். சொல்லை நம்பியவளுக்குச் சாட்சி இல்லாமற்போன அவலம் அது.

உடன்பிறப்பான 'தேறு', 'தேற்று' என்னும் வினைகளும் இவ்வாறே கிளைத்தன. கலங்கிய நீரைத் தேற்றா மரத்து விதையால் தெளியவைப்பது கலித்தொகையில் உவமையாகிறது. தொல்காப்பியர் ஏகார இடைச்சொல்லின் பொருள்களுள் ஒன்றாகத் 'தேற்ற'த்தைச் சொல்கிறார், அது உறுதிப்பாடு. இன்று பள்ளி மாணவர் பிதாகரஸ் தேற்றம் படிக்கின்றனர். அது நிறுவப்பட்ட கூற்று. ஆக, தமிழிலும் இச்சொற்குடும்பத்தின் ஒரு கிளை நிரூபணத்தின் வாசல்வரை சென்றிருக்கிறது. மறுபுறம், தண்டியலங்காரம் வடமொழிப் 'பிரசாத'த்துக்கு ஈடாகத் தெளிவைச் செய்யுட் குணங்கள் பத்தனுள் ஒன்றாக வைத்தது. உரைநடையில் 'தெளிவாக எழுது' என்று நாம் இன்று மாணவரிடம் சொல்லும் பொருளுக்கு அது நெருங்கிய முன்னோடி.

இவற்றுள் திருக்குறளின் 51ஆம் அதிகாரமான 'தெரிந்து தெளிதல்' தேவிகுளத்துக்கு மிக நெருக்கமானது. பணிக்கு வருபவரை ஆராய்ந்து, பின் நம்புதல் அதன் பொருள். அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கினால் ஆராயச் சொல்கிறது முதற்குறள். ஆராயாது நம்புவதும், நம்பியபின் ஐயுறுவதும் தீராத் துன்பம் தரும் என்கிறது இறுதிக்குறள். இங்கே கவனிக்க வேண்டியது எழுவாய். தெளிய வேண்டியவன் அரசன். ஆராயும் சுமையும் அவனுடையது. 'தெளிவு ஹாஜராக்குக' என்னும் தொடரில் எழுவாய் மாறிவிடுகிறது. தெளிவைக் கொண்டுவர வேண்டியவர் குடிமகன்.

இச்சுமை மலைத்தோட்டங்களில் எவ்வளவு கனமானது என்பதை வரலாறு காட்டும். 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன்தேவன் மலைகளுக்கான உரிமையைப் பெற்றார். பின்னர் விரிந்த தேயிலைத் தோட்டங்களுக்கு உழைக்க வந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் குடியிருந்த லயங்கள் தோட்டத்துக்குச் சொந்தம். எனவே பல தலைமுறை வாழ்ந்தும் கையில் ஆதாரம் இல்லை, இருமொழிப் பொருளிலும். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தமிழர் பெரும்பான்மையாக வாழ்ந்தும் தேவிகுளம் கேரளத்தில் நின்றது. பட்டியல் சாதிச் சான்றிதழுக்கோ, குடியரசுத்தலைவரின் ஆணை பிறந்த 1950 ஆகஸ்ட் 10 அன்று குடும்பம் எங்கே நிலையாக வாழ்ந்தது என்னும் கேள்வி இன்றும் எழுகிறது. தேவிகுளம் தனித்தொகுதியின் 2021ஆம் ஆண்டுத் தேர்தல் முடிவே இத்தகைய வழக்கில் சிக்கியது. 2023இல் கேரள உயர்நீதிமன்றம் அத்தேர்தல் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது.

இதை மலையாளத்தின் மீதான குறையாகக் கொள்ளலாகாது. எல்லைக்கு இப்பால் 'சான்றிதழ்' என்னும் அழகிய தமிழ்ச்சொல்லும் அதே சுமையைத்தான் சுமத்துகிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் உள்ள அலுவலகங்களோடு தமிழிலும் கன்னடத்திலும் தொடர்புகொள்ளும் உரிமையை வழங்கியிருப்பதையும் மறக்கலாகாது. அவ்வுரிமை நடைமுறையாகும் அளவுக்கே, ஒரு சொல்லின் இரு பொருள்களுக்கு நடுவே மனிதர் சிக்குவதும் குறையும்.

சொற்பொருள் மாற்றத்தை அகராதிக்குள் நிகழும் ஒன்றாகவே நாம் கற்பிக்கிறோம். யார் யாருக்குத் தெளிவிக்க வேண்டும் என்னும் அதிகார உறவும் அதனுள் பதிந்திருக்கிறது. செங்கோட்டை, பாலக்காடு, குமரி எல்லைகளில் இத்தகைய சொல்லிணைகளைக் கண்ட ஆய்வு மாணவர்கள் பின்னூட்டத்தில் பகிர்ந்தால், இவ்வுரையாடலைத் தொடரலாம்.