விளிம்பில்லாத பந்து

'முழுமை' என்ற சொல்லைக் கண்டாலே எனக்குச் சந்தேகம்தான். முழுமை என்று சொல்லப்படுவது எந்த இடத்தில் திறந்துகொள்கிறது என்று பார்ப்பது விமர்சனத்தின் வேலை. ஃபுல்லரீன் என்ற கரி மூலக்கூறின் வரலாற்றை இங்கே அப்படித்தான் வாசிக்கிறேன்.

1985இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் குரோட்டோ, கர்ல், ஸ்மாலி மூவரும், ஹீத், ஓ'பிரையன் என்ற மாணவர்களும் கிராஃபைட்டை லேசரால் ஆவியாக்கினார்கள். 60 அணுக்கள் சேர்ந்த திரள் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது. 12 ஐங்கோணம், 20 அறுகோணம். கால்பந்து மாதிரி மூடிய கூடு. இந்த வடிவத்தை 1970லேயே ஊகித்தவர் எய்ஜி ஓசாவா. அவர் ஜப்பானிய மொழியில் எழுதினார், மேற்கு கவனிக்கவில்லை. 1996இல் நோபல் பரிசு பேராசிரியர்கள் மூவருக்குப் போனது.

கிராஃபைட் தகட்டுக்கு விளிம்பு உண்டு. விளிம்பில் நிற்கிற அணுவுக்குப் பிணைப்பு குறைகிறது. எதிர்வினை அங்கேதான் சுலபமாகத் தொடங்கும். பந்துக்கு விளிம்பே கிடையாது. அப்படியானால் அது எதனோடும் சேராமல் தன்பாட்டுக்கு இருக்கும் என்று எண்ணத் தோன்றும். விளிம்பை ஒழித்துவிட்டால் கலகம் இல்லை! அதிகாரம் காண்கிற கனவும் இதுதானே?

1990இல் கிரெட்ச்மரும் ஹஃப்மனும் இந்தப் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கும் அளவுக்குத் தயாரித்தார்கள். அதற்குப் பிறகும் சிக்கல் தீரவில்லை. அறை வெப்பநிலையில் படிகத்துக்குள் ஒவ்வொரு பந்தும் சுழன்றுகொண்டே இருந்தது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. எக்ஸ் கதிரில் அணுக்கள் கலங்கலாகத்தான் தெரிந்தன.

1991இல் பெர்க்லியில் ஹாக்கின்ஸ் குழு அதை ஆஸ்மியம் டெட்ராக்சைடுடன் வினைபுரிய வைத்தது. இரண்டு அறுகோணங்கள் சந்திக்கும் பிணைப்பில், இரண்டு ஆக்சிஜன் வழியாக ஆஸ்மியம் வந்து ஒட்டியது. பந்துக்கு 'ஒரு பக்கம்' என்பது உண்டாயிற்று. சுழற்சி அடங்கியது. கால்பந்துக் கூடு அணு அணுவாகத் தெரிந்தது. சமச்சீர் குலைந்த பிறகுதான் சமச்சீருக்கே சாட்சி கிடைத்தது.

ஆக்சிஜன் எப்படி உள்ளே நுழைந்தது? வளைவுதான் காரணம். தட்டையாகக் கிடக்க வேண்டிய பிணைப்புகளை வளைத்துக் கட்டியதில் இறுக்கம் பந்து முழுக்கப் பரவிக் கிடக்கிறது. ஒழித்துவிட்டதாக நினைத்த விளிம்பு எல்லா இடத்திலும் இருக்கிறது என்பேன்.

1992இல் ஓர் ஆக்சிஜன் மட்டும் பாலம்போல் உட்கார்ந்த எபாக்சைடு விவரிக்கப்பட்டது. ஓசோன் சேர்ந்த சேர்மம் 2000இல் அதே ரைஸில் பிரித்தெடுக்கப்பட்டது. சூடாக்கினால் இரண்டு ஆக்சிஜனை விட்டுவிட்டு அந்த எபாக்சைடாகிறது. ஒளி பட்டால் கதை வேறு: 2001இல் அவர்கள் காட்டியபடி, ஐங்கோணமும் அறுகோணமும் சந்திக்கும் பிணைப்பு பிளந்து ஆக்சிஜனுக்கு இடம்விடுகிறது. சூத்திரம் ஒன்று, உருவம் இரண்டு. ஹைட்ராக்சில் குழுக்கள் நிறைய ஏறினால் ஃபுல்லரினால். தண்ணீரில் கரையாத பந்து கரையத் தொடங்குகிறது.

நம் பேச்சில் ஆக்சிஜனேற்றம் என்றால் துரு, கெட்டுப்போவது. இங்கே அது உறவுக்கு வழிவிட்டிருக்கிறது. அணுவிலிருந்து சமூகத்துக்கு நேர்க்கோடு இழுப்பது ஆபத்து, தெரியும். அணுவுக்கு அரசியல் கிடையாது. அதைப் பற்றி எழுதுகிற 'தூய்மை', 'கறை', 'முழுமை' என்ற சொற்களுக்கு உண்டு. பரிசுப் பட்டியலும் மூடிய பந்துதான். ஓசாவாவும் அந்த மாணவர்களும் எந்தப் பிணைப்பில் நிற்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கினால், அதுவும் திறக்கும்.