தீர்மான நோட்டில் எழுதாத விஷயம்

நம் கூட்டமைப்பு மலருக்கு வரலாறு எழுதச் சொன்னார்கள். எத்தனை குழு, எத்தனை லட்சம் கடன் என்பதை மற்ற பக்கங்களில் படிப்பீர்கள். கணக்கு எழுதுகிறவள் என்பதால் பழைய தீர்மான நோட்டுகள் என் கைக்கு வந்தன. அவற்றில் ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது: "மருத்துவச் செலவுக்கு உள்கடன்." சில இடத்தில் "வயித்து வலி". கடன் வாங்கின அக்கா தங்கச்சிகளில் பலரை எனக்குத் தெரியும். அதில் எத்தனையோ பேருக்கு வந்தது வயித்து வலி இல்லை. கரு தங்காமல் போனது.

நானும் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் ஓட்டினவள்தான். எனக்கு நாலாம் மாசத்தில் போச்சு. மூணாம் நாள் ஷிப்டுக்குப் போய் உட்கார்ந்தேன். லீவு கேட்டதற்கு, "புள்ள பொறந்தாத்தாம்மா லீவு" என்றார் சூப்பர்வைசர். அப்படி எந்தச் சட்டத்திலும் இல்லை. சட்டத்தில் இருப்பது வேறு.

அந்தச் சட்டம் சும்மா வந்துவிடவில்லை. 1924-ல் என்.எம். ஜோஷி என்ற தொழிற்சங்கத் தலைவர் டெல்லி சட்டசபையில் பேறுகால உதவி மசோதா கொண்டுவந்தார், தோற்கடித்துவிட்டார்கள். 1928-ல் பம்பாய் சட்டசபையில் அதே மாதிரி மசோதா வந்தபோது டாக்டர் அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வு கொடுப்பது நாட்டுக்கே நல்லது என்பது அவர் வாதம். 1929-ல் பம்பாயில் சட்டமானது. 1934-ல் நம் சென்னை மாகாணத்துக்கும் தனிச் சட்டம் வந்தது. ஆளுக்கொரு மாகாணம், ஆளுக்கொரு சட்டம் என்று கிடந்ததற்குப் பதிலாக, 1961-ல் நாடு முழுமைக்குமான மகப்பேறு நலச் சட்டம் போட்டார்கள்.

இந்த 1961 சட்டத்தின் 9-வது பிரிவில் இருந்த உரிமையைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். கருச்சிதைவு ஆனால், ஆஸ்பத்திரிச் சான்று காட்டினால், மறுநாளிலிருந்து 6 வாரம் சம்பளத்தோடு லீவு. அந்த 6 வாரத்தில் தெரிந்தே வேலை வாங்குவதும் குற்றம். அதனால் உடம்பு கெட்டுப்போனால் இன்னும் ஒரு மாசம் வரை கேட்கலாம். இ.எஸ்.ஐ. பிடிக்கிற கம்பெனி என்றால் அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ. தரும். கார்டை இருமல் மருந்துக்கு மட்டும் எடுத்துப் போகிறோமே, இதற்கும் அதே கார்டுதான்! 2017-ல் பேறுகால லீவு 26 வாரம் ஆனதை டி.வி.யில் எல்லாரும் பார்த்தோம். இந்த 6 வாரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

"நான் தினக்கூலி, எனக்கு எங்கே?" என்று கேட்பீர்கள். டெல்லி மாநகராட்சியில் மஸ்டர் ரோலில் இருந்த பெண்களும் அப்படித்தான் கேட்டார்கள். தினக்கூலிப் பெண்ணுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்று 2000 மார்ச் 8-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. மகளிர் தினத்தன்று!

சட்டம் ஒரு பக்கம். வீட்டுக்குள் நடப்பது இன்னொரு பக்கம். "வெயிட்டு தூக்கினா, வண்டியில போனா, பப்பாளி தின்னா" என்று பழி முழுக்க அவள் தலையில். கர்ப்பம் என்று தெரிந்த பிறகு நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்குக் கரு தங்குவதில்லை. முதல் மூணு மாசத்தில் போவதில் பெரும்பாலானது கரு உருவாகும்போதே ஏற்பட்ட கோளாறு. இதை மாமியார்களும் படிக்கணும் என்றுதான் எழுதுகிறேன்.

கலைந்த பிறகு உடம்பையும் பார்க்கணும். மணிக்கு ரெண்டு துணி நனைகிற அளவுக்கு ரத்தம் போனால், காய்ச்சல் வந்தால், நாற்றத்தோடு வெள்ளைப்பட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ரத்த வகை நெகட்டிவ் என்றால் ஊசி போடணுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அடுத்த பிள்ளைக்கு அது முக்கியம். சத்து மாத்திரையை நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள். மனசு தேறாமல் தூக்கம் போனால், அதையும் நர்சம்மாவிடம் சொல்லலாம். அதுவும் வைத்தியம்தான்.

கம்பெனியும் இல்லை, இ.எஸ்.ஐ.யும் இல்லை என்கிறவர்கள்தான் நம்மில் அதிகம். கட்டடம், வீட்டு வேலை, தையல் என்று இருப்பவர்கள் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் கருச்சிதைவுக்கும் உதவித்தொகை உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987-ல் தொடங்கின பேறுகால உதவி இன்று 18,000 ரூபாயாக வளர்ந்ததை எல்லாரும் அறிவோம். வாரியத்தில் இப்படி ஒன்று இருப்பதுதான் பலருக்குத் தெரியாது. பதிவு நடப்பில் இருக்கணும், ஆஸ்பத்திரிச் சீட்டைத் தூக்கிப் போடக் கூடாது.

நூறு நாள் வேலைக்குப் போகிறவளுக்கு இதுவரை எதுவும் இல்லை. வராத நாளுக்குக் கூலி கிடையாது, அவ்வளவுதான். அவளுக்கு 6 வாரக் கூலி கேட்டு அடுத்த கிராம சபையில் மனு வைக்க எங்கள் குழுவில் எழுதி வைத்திருக்கிறோம். நோட்டில் இந்த முறை "கருச்சிதைவு" என்றே எழுதினேன். பதினாலு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.