மாதிரிக் கையொப்பமும் கிளவுட் தரவுத்தளமும்

பிரெஞ்சுப் பள்ளியில் 'த்ரேஸோர்' என்று நான் படித்த கருவூலத்தில் அதிகாரிகளின் மாதிரிக் கையொப்பம் இருக்கும். அதிகாரி மாறி, புதிய கையொப்பம் போய்ச் சேராவிட்டால், பில் சரியாக இருந்தாலும் ஆட்சேபணையோடு திரும்பிவிடும்.

கணினியிலும் இதே கதைதான். 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனம் எஸ்.எஸ்.எல். என்ற பாதுகாப்பு முறையை வெளியிட்டது. 1999இல் அதன் வாரிசாக டி.எல்.எஸ். வந்தது. இணைப்புக் கேட்கும் மென்பொருளிடம் சர்வர் ஒரு சான்றிதழை நீட்டும். அதற்குக் கையெழுத்திட்டவரின் மூலச் சான்றிதழ் மென்பொருளின் கைவசம் இருக்கவேண்டும். அதுதான் மாதிரிக் கையொப்பம்.

அமேசானின் ஆர்.டி.எஸ். என்ற கிளவுட் தரவுத்தளச் சேவைக்கு 2015இல் வந்த மூலச் சான்றிதழ் 2020 மார்ச் 5 அன்று காலாவதியானது. 2019இல் வந்த அடுத்தது 2024 ஆகஸ்டில் முடிந்தது. டேப்லோ போன்ற பகுப்பாய்வு மென்பொருள் சான்றிதழைச் சரிபார்க்கும்படி அமைந்திருந்து, புதியதை அதில் சேர்க்காவிட்டால், இணைப்பு மறுக்கப்படும். கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

அவசரத்தில் சிலர் சரிபார்ப்பையே நிறுத்திவிடுகிறார்கள். அறிக்கை வந்துவிடும், தகவலும் பூட்டிய உறையில்தான் போகும். ஆனால் உறையை வாங்கிக்கொள்பவர் யார் என்று தெரியாது. கையொப்பம் ஒப்பிடாமல் எந்தக் கருவூலமும் பில் பாஸ் செய்யாது. புதிய மூலச் சான்றிதழைச் சேர்ப்பது சில நிமிட வேலை. காலாவதித் தேதியை நாட்காட்டியில் குறித்துவைப்பது அதைவிடச் சுலபம்.