இணையக் கடையில் பணம் வாங்கும் வழிகள்: எந்த விளைபொருளுக்கு எது ஏற்றது?

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. திராட்சை, போடி ஏலக்காய், செவ்வாழை போன்றவற்றைச் சொந்த இணையக் கடை மூலம் நேரடியாக விற்க நினைக்கும் விவசாயிகள், பணம் வாங்கும் வழியை முதலில் முடிவு செய்ய வேண்டும். பறித்த திராட்சை காத்திருக்காது. பணம் வராமல் பெட்டி திரும்பினால் பழமும் போச்சு, வண்டி வாடகையும் போச்சு.

நான்கு வழிகள்

யுபிஐ: வாடிக்கையாளர் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து செலுத்துவார். பணம் உடனே வங்கிக் கணக்கில் ஏறும். சிறு தொகை ஆர்டர்களுக்கு ஏற்றது.

வங்கிப் பரிமாற்றம்: கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு கொடுத்துப் பணம் பெறுவது. மொத்தமாக ஏலக்காய் வாங்கும் வியாபாரிகளுக்கு ஏற்றது.

பேமென்ட் கேட்வே: கார்டு, யுபிஐ, நெட் பேங்கிங் அனைத்தையும் ஒரே இடத்தில் பெறலாம். பான் கார்டு, வங்கிக் கணக்கு விவரம் தேவை. கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உதாரணமாக, 2 சதவீதக் கட்டணம் என்றால் 1,000 ரூபாய்க்கு 20 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 3.60 ரூபாய் போக, கைக்கு வருவது 976.40 ரூபாய். பணம் கணக்குக்கு வரச் சில நாட்கள் ஆகலாம். விலை வைக்கும்போதே இதைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பொருள் கிடைத்ததும் பணம்: பழைய வி.பி.பி. பார்சல் போலத்தான். வாங்குபவர் மறுத்தால் இழப்பு உங்களுக்கு. காய்ந்த ஏலக்காய் திரும்பி வந்தாலும் மறுபடி விற்கலாம்; திராட்சையை விற்க முடியாது.

கடையில் அமைப்பது எப்படி?

வூகாமர்ஸ் கடையில் 'செட்டிங்ஸ்' சென்று 'பேமென்ட்ஸ்' பகுதியைத் திறக்கவும். வங்கிப் பரிமாற்றம், பொருள் கிடைத்ததும் பணம் ஆகியவை அங்கேயே இருக்கும். வேண்டியதை இயக்கி, கணக்கு விவரத்தை உள்ளிடவும்.

பொருள் கிடைத்ததும் பணம் என்ற வசதியைக் குறிப்பிட்ட டெலிவரி முறைக்கு மட்டும் தர முடியும். தேனி, கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம் பகுதிகளுக்கு உள்ளூர் டெலிவரி என்று தனியாக அமைத்து, அதற்கு மட்டும் இதைத் திறந்து விடலாம். சென்னை, பெங்களூரு ஆர்டர்களுக்கு முன்பணமே பாதுகாப்பு.

ஷாப்பிஃபை கடையில் 'மேனுவல் பேமென்ட்' பகுதியில் உங்கள் சொந்த முறையைச் சேர்க்கலாம். அதற்கு ஒரு பெயர் கொடுத்து, எப்படிச் செலுத்த வேண்டும் என்பதைத் தமிழிலேயே எழுதலாம். உதாரணமாக: "மாலை 6 மணிக்குள் பணம் செலுத்தி, ஆர்டர் எண்ணை அனுப்பவும். மறுநாள் காலை பறித்து அனுப்புவோம்."

இவ்வாறு நேரடியாகப் பெறும் பணம் வந்துவிட்டதா என்பது கடைக்குத் தானாகத் தெரியாது. நீங்கள்தான் வங்கிக் கணக்கைப் பார்த்து ஆர்டரை உறுதி செய்ய வேண்டும். வூகாமர்ஸில் வங்கிப் பரிமாற்ற ஆர்டர் வந்ததுமே இருப்பில் அந்த அளவு குறைந்துவிடும். பணம் கட்டாத ஆர்டரை உடனே ரத்து செய்யாவிட்டால், பழம் தோட்டத்தில் இருந்தும் கடையில் 'இருப்பு இல்லை' என்று காட்டும்.

கவனிக்க வேண்டியவை

* ஸ்கிரீன்ஷாட்டை நம்பிச் சரக்கை ஏற்றாதீர்கள். கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே பறிக்கத் தொடங்குங்கள்.
* பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையில்லை. பின் கேட்டால் அது மோசடி.
* உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்றால், நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்கையே இணைக்கவும்.
* பழம் நசுங்கிப் போனால் பணம் எப்போது, எப்படித் திரும்பத் தரப்படும் என்பதைக் கடையில் தெளிவாக எழுதி வையுங்கள்.
* முதலில் 1 ரூபாய்க்கு ஒரு சோதனை ஆர்டர் போட்டு, பணம் சரியான கணக்குக்கு வருகிறதா என்று பாருங்கள்.

பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.